தலையில் ஐஸ் வைத்த உத்தியோகம்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு இயந்திரம் வந்தது. புற்றுநோய்க்கு கீமோ மருந்து ஏற்றும்போது தலையைக் குளிர வைக்கும் இயந்திரம். தலை குளிர்ந்திருந்தால் முடி கொட்டாது, அல்லது குறைவாகக் கொட்டும். அதற்கு ரிப்பன் கட்டினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். விழா மலரும் போடுகிறார்கள். விழாவுக்கு முன்பே அந்த வார்டு நர்ஸ் சவிதா எனக்குப் போன் செய்தாள்.

"ஆயாம்மா, அந்தக் காலத்துல நீங்க இத கையாலயே பண்ணீங்களாமே. மலருக்கு எழுதிக் குடுங்க."

"என்னத்த எழுத?"

"தோணினத எழுதுங்க. நல்லதா எழுதுங்க."

தோன்றியதை எழுதுகிறேன். நல்லதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐஸ் வைப்பது என்றால் ஒருவரை இல்லாததெல்லாம் சொல்லிப் புகழ்ந்து குளிர வைப்பது. குல்லாய் போடுவது என்றால் ஏமாற்றுவது. நான் வருஷக்கணக்கில் ஐஸும் வைத்தேன், குல்லாயும் போட்டேன். இரண்டுக்கும் ஆஸ்பத்திரி சம்பளம் கொடுத்தது. இன்னொரு வகை ஐஸ், டாக்டருக்கு வைக்கிற ஐஸ், அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அதை மூட்டையில் சுமக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். உருகவும் உருகாது.

நான் கொள்ளேகால் பக்கம். கல்யாணமாகி மைசூர் வந்தேன். வீட்டுக்காரருக்கு ஊதுபத்தி ஃபாக்டரியில் வேலை. நான் ஆயாவாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷம் பெட்பேன், விரிப்பு, வாந்திக் கிண்ணம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கை மூடிக்கொள்ளாமல் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகினேன். அதுதான் பயிற்சி.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பெரிய டாக்டர் வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்தார். வரும்போது ஒரு படம் கொண்டுவந்தார். படத்தில் ஒரு வெள்ளைக்காரி நீலக் குல்லாய் போட்டு, பத்திரிகை படித்துக்கொண்டு, கையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். குல்லாயை வாங்கி வரவில்லை. விலை அதிகமாம். படம் இலவசம்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வார்டுக்குள் வருவார். கையைப் பின்னால் கட்டியிருப்பார். யாரையும் "செய்" என்று சொல்ல மாட்டார். "செய்வோம்" என்பார். "நாம் இனிமேல் தலைக்கு ஐஸ் வைப்போம்" என்று கன்னடத்தில் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். அவருடைய "நாம்" என்பதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஐஸ் மூட்டை என் இடுப்பில் இருந்தபோது தெரிந்தது.

வேலை இது. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐஸ் ஃபாக்டரி. அங்கிருந்து உமி போர்த்திய ஐஸ் பாளம் வரும். உமியைக் கழுவ வேண்டும். சாக்கில் போட்டு மரச் சுத்தியலால் இடிக்க வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் தலையில் குத்தும், தூளாகிவிட்டால் சீக்கிரம் தண்ணீராகும். கடலைப் பருப்பு அளவு இருக்க வேண்டும். அதைப் பாலிதீன் பைகளில் மெல்லிசாகப் பரப்பி, வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்ட வேண்டும். நோயாளியின் முடியை நனைத்து வகிடு வகிடாகப் பிரிக்க வேண்டும். காதுக்குப் பஞ்சு, நெற்றிக்குத் துணி. அதன்மேல் பைகளை அடுக்கி, டெய்லர் தைத்துக் கொடுத்த குல்லாயைப் போட்டு, பேண்டேஜால் சுற்றிக் கட்ட வேண்டும். மருந்துக்கு இருபது நிமிஷம் முன்னால் கட்டி, மருந்து ஏறும்போதும் வைத்து, ஏறி முடிந்து அரை மணி கழித்துத்தான் எடுக்க வேண்டும். நடுவில் உருக உருகப் பையை மாற்ற வேண்டும்.

கட்டி முடித்தால் நோயாளி தசரா ஊர்வலத்துக்குப் பேட்டாத் தலைப்பாகை கட்டினவர் மாதிரி இருப்பார். பெரிய டாக்டர் வந்து ஒரு விரலால் குல்லாயைத் தொட்டுப் பார்த்து, "நாம் நன்றாகச் செய்திருக்கிறோம்" என்பார்.

எல்லாருக்கும் செய்ய மாட்டோம். ரத்தத்தில் வரும் புற்றுக்குக் கூடாது. அதற்கு மருந்து தலைத்தோல் உட்பட எங்கும் போக வேண்டும் என்பார் டாக்டர். செய்தவர்களிலும் சிலருக்கு முடி நின்றது. சிலருக்குப் பாதி நின்றது. சிலருக்குக் குளிர்தான் மிச்சம். யாருக்கு நிற்கும் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் தெரியாது என்பதை இங்கிலீஷில் சொல்லுவார். அது தெரிந்த மாதிரி இருக்கும்.

மேல்கோட்டைப் பக்கத்து மாமி ஒருத்தர் வந்துகொண்டிருந்தார். குல்லாய் கட்டியதும் மூக்கை உறிஞ்சினார்.

"ஏன்டீம்மா, மீன் நாத்தம் வர்றதே. இந்த ஐஸ் எங்கேர்ந்து வர்றது?"

"காவேரித் தண்ணியில செஞ்சதுங்க மாமி."

"காவேரியா? அப்போ சரி."

பொய் இல்லை. ஊருக்கே காவேரித் தண்ணீர்தான். மீனும் காவேரியில்தான் இருக்கிறது.

இப்போது மாதம்மாள் விஷயம்.

கோபிநத்தத்திலிருந்து வந்தவள். நாற்பது வயது இருக்கும். மாரில் கட்டி. அறுத்து எடுத்தாயிற்று. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை, சிவப்பு மருந்து ஏற்ற வேண்டும். அந்தச் சிவப்பு மருந்து முடியை விடவே விடாது. அவளுக்கு முடி முழங்கால் வரை இருந்தது. பின்னலைப் பிடித்துப் பார்த்தேன். என் மணிக்கட்டு கனம்.

ஹெட் சிஸ்டர் கறாரான ஆள். பார்த்தவுடன் சொன்னார். "இவ்வளவு அடர்த்தியா இருந்தா குளிர் தோலுக்கு எறங்காது. கழுத்தோட வெட்டிடு."

மாதம்மாள் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டாள். "வேணாமுங்க. ஒரு முடி கொறையக் கூடாதுங்க. முடி நிக்காதுன்னா எனக்கு மருந்தே வேணாமுங்க. ஊருக்குப் போறேனுங்க."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பயமுறுத்தவில்லை. நிஜமாகவே எழுந்துவிட்டாள். மருந்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அந்த வார்டில் பெருக்குகிற எனக்கே தெரியும்.

பெரிய டாக்டருக்கு இது பிடித்துப் போயிற்று. "பார்த்தீர்களா, ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை, எவ்வளவு அழகுணர்ச்சி" என்றார். அன்றே அவள் தலையை முன், பின், இடம், வலம் என்று நான்கு படம் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் எடுத்து ஆல்பத்தில் ஒட்டப்போவதாகச் சொன்னார். தீபாவளி முடிந்ததும் டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் நம் பிரிவைப் பார்க்க வருகிறார், அவருக்குக் காட்ட வேண்டும்.

நான் அவளைப் பையோடு உட்காரவைத்தேன். தமிழில் கேட்டேன்.

"அம்மிணி, முடி வளரும். உசுரு வளருமா?"

"அது எம்பட முடியில்லீங்க்கா."

"வேற யாருதாம்?"

"மாதேஸ்வரனோடது."

சொன்னாள். அவளுடைய மூத்தவன் பரிசல் போடுகிறவன். முந்தின வருஷம் வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்து ஆளைக் காணவில்லை. மகன் உயிரோடு வந்தால் தலைமுடியைத் தருகிறேன் என்று மாதேஸ்வரன் மலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டாள். மறுநாள் அவன் ஆற்று நடுவில் ஒரு பாறைமேல் பீடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மலைக்குப் புறப்படுவதற்குள் மாமனார் செத்தார். தீட்டு ஒரு வருஷம். அதற்குள் மலை ஏறக் கூடாது. வருஷம் தீபாவளிக்கு முன்னால்தான் கழிகிறது. நடுவில் கட்டி வந்துவிட்டது.

"சாமி ஆளத் திருப்பிக் குடுத்துருச்சுங்க்கா. நான் முடியக் குடுக்கல. ஆசுபத்திரில கொட்டிப் போச்சுன்னா சாமிகிட்ட என்னன்னு சொல்றது? மருந்து சாப்பிட்டேன்னா? பையன மறுக்கா கூப்புட்டுக்கிச்சுன்னா?"

ஆக, மொட்டை அடிக்க முடி வேண்டும். அதற்குத்தான் அந்தப் பாடு. டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டுதலை ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது என்றாள். நான் சொல்லவில்லை.

ஹெட் சிஸ்டர் சொன்னதும் தப்பில்லை. அவ்வளவு முடிக்கு மேல் ஐஸ் வைத்தால் கம்பளிக்கு மேல் வைத்த மாதிரி. நான் அவள் முடியை ஊற ஊற நனைத்தேன். கேழ்வரகுக்கு உழுகிற மாதிரி சால் சாலாக வகிடு எடுத்து, முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, ஒவ்வொரு சாலிலும் ஒரு ஒல்லிப் பை வைத்தேன். இழுத்துக் கட்டக் கூடாது, இழுத்தால் அதுவே பிடுங்கும். மற்றவர்களுக்குக் கால் மணி ஆகும். அவளுக்கு முக்கால் மணி. சீப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், வெந்நீர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

குல்லாய் கட்டின முதல் பத்து நிமிஷம் எல்லாரும் கத்துவார்கள். தலை பிளக்கிறது, எடு எடு என்பார்கள். பல்லடிக்கும். மேல்கோட்டை மாமி பெருமாள் பேரெல்லாம் சொல்லுவார். மாதம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வலிக்கலையா?"

"எங்கூர் மலைக் குளுரு இதவிட சாஸ்திங்க்கா."

முடி கொட்டாமல் இல்லை. வந்து படுக்கும்போதெல்லாம் தலையணையில் இருந்தது. அவள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். குப்பையில் போட விடமாட்டாள். கொட்டினதும் சாமியுடையதுதான் என்றாள். ஒரு ஐஸ் பையைக் கழுவிக் கொடுத்தேன். அதில் போட்டு முடிந்து வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவைக்குப் பின்னல் இளைத்தது. ஐந்தாவது தடவைக்கும் தலை மூடியிருந்தது. பெரிய டாக்டர் ஆல்பத்தைப் புரட்டி, "நம் முறை, நம் முறை" என்றார்.

ஆறாவது தடவை ஆயுத பூஜை அன்று வந்தது.

ஐஸ் ஃபாக்டரியில் இயந்திரத்துக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். இன்று மிஷினைத் தொடக் கூடாது, நாளைக்கு வா என்றார்கள். இருந்த பாளம் எல்லாம் தசரா பார்க்க வந்த கூட்டத்துக்காக ஜூஸ் கடைகளுக்குப் போயிருந்தது. வார்டுக்குத் திரும்பினால் இங்கேயும் பூஜை. ஸ்ட்ரெச்சருக்குக் குங்குமம், பிபி கருவிக்குச் சந்தனம். என் மரச் சுத்தியலுக்கும் பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் படுக்கப் போட்டிருந்தார்கள்.

"அத எடுக்கக் கூடாது ஆயா. நாளைக்குத்தான்" என்றார் ஹெட் சிஸ்டர்.

"அப்ப ஊசி?"

"ஊசி வேற டப்பா இருக்கு."

மாதம்மாள் இரண்டு பஸ் மாறி, பாலாறு செக்போஸ்ட்டில் இறங்கி ஏறி வந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய டாக்டர் பட்டு வேட்டியில் வந்தார். "பரவாயில்லை, இந்த ஒரு தடவை நாம் ஐஸ் இல்லாமல் பார்ப்போம்" என்றார். பார்க்கப்போவது யார் தலை என்று சொல்லவில்லை. கொட்டுவது மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில்தான். தீபாவளிக்குச் சரியாக இருபது நாள். அவளும் அதைக் கணக்குப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

மீன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். முக்கால்வாசி மூடியிருந்தது. ஒரு பாய் கடையில் முந்தின நாள் பாளம் அரையாக இருந்தது. மீனை எடுத்துக் கூடையில் வைத்துவிட்டு அதைக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். தலைக்கு என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. கொண்டுவந்து மூன்று தண்ணீரில் கழுவினேன். இடிக்கச் சுத்தியல் இல்லை. சாக்கின் வாயைக் கட்டித் தோளுக்கு மேல் தூக்கி, ஆஸ்பத்திரிப் பின்படியில் அடித்தேன். துணி துவைக்கிற மாதிரி அடித்தேன். படிக்கட்டை யாரும் பூஜையில் வைத்திருக்கவில்லை.

அன்று வார்டு முழுக்க மீன் வாடை. மாதம்மாள் அன்றும் சுவரைப் பார்த்தாள்.

மருந்து முடிந்ததும் பெரிய டாக்டர் அவளிடம் வந்தார். தீபாவளி முடிந்து நான்காம் நாள் விழா, கட்டாயம் வர வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த வார்டில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"முடிச்சுட்டு வந்தர்றனுங்க."

வேண்டுதலை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறாள். கன்னடத்தில் பூ வைத்துக்கொள்வதை முடிப்பது என்பார்கள். டாக்டருக்குக் காதில் விழுந்தது அந்த முடி. முகம் மலர்ந்துவிட்டது.

"ஹௌது ஹௌது. சென்னாகி முட்கொண்டு பா" என்றார். ஆமாம் ஆமாம், நன்றாகப் பூ வைத்துக்கொண்டு வா.

பிறகு ஹெட் சிஸ்டர் பக்கம் திரும்பி, "மல்லிகையை நாமே வாங்கி வைப்போம்" என்றார்.

இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்தார்கள். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

விழா அன்று கூடத்தில் கூட்டம். டெல்லிக்காரருக்கு மைசூர்ப் பேட்டா கட்டினார்கள். பெரிய டாக்டருக்கும் கட்டினார்கள். மேடையில் இருந்த ஐந்து பேர் தலையிலும் பேட்டா. ஹெட் சிஸ்டர் ஒரு தட்டில் நாலு முழம் மைசூர் மல்லிகையோடு ஓரத்தில் நின்றார். ஆல்பத்தைப் பெரிது பண்ணித் திரையில் காட்டினார்கள். முன், பின், இடம், வலம். டாக்டர் பேசினார். பெண்ணின் அழகுணர்ச்சி என்றார். தன்னம்பிக்கை என்றார். கடைசியில், "இதோ அவரே வருகிறார்" என்று கையை நீட்டினார்.

மாதம்மாள் வந்தாள். புதுச் சேலை. மழுங்க மொட்டை. மேலே சந்தனம் அப்பியிருந்தது.

டெல்லிக்காரர் தன் பேட்டாவைச் சரிசெய்துகொண்டார். பிறகு டாக்டரின் தோளைத் தட்டினார். துக்க வீட்டில் தட்டுகிற மாதிரி. "எங்கள் ஊரிலும் இதே பலன்தான்" என்று இங்கிலீஷில் சொன்னாராம். ஹெட் சிஸ்டர் பிறகு சொன்னார்.

பெரிய டாக்டர் கூட்டத்தில் என்னைத் தேடினார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தேடினது அன்றுதான்.

"ஆயா, ஹேளு, நீயே சொல்லு. முடி இருந்ததா இல்லையா?"

எழுந்து நின்றேன். "இருந்துச்சுங்க சார்" என்றேன். உட்கார்ந்தேன்.

மாதம்மாளுக்கு என்ன தப்பு நடந்தது என்று புரியவில்லை. நல்ல சேதி சொல்கிற குரலில் டாக்டரிடம் சொன்னாள். "சாமிக்குக் குடுத்தாச்சுங்க. மொட்ட எடுக்கற ஆளு திட்டுனாருங்க. என்னம்மா இப்புடி அடர்த்தி, எங்கத்தி மழுங்கிப்போச்சுன்னு."

அதைவிடப் பெரிய அத்தாட்சி அந்த ஐஸுக்கு யாரும் கொடுத்ததில்லை. ஆனால் அதை ஆல்பத்தில் ஒட்ட முடியாது.

விழா கலைந்ததும் டாக்டர் கேட்டார். "இது உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியுங்க சார்."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கல சார்."

அவர் கோபப்படவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம், "நாம் ஐஸை நிறுத்திவிடுவோம்" என்று சொல்லி அனுப்பினார். "நாம்" என்பதில் அவர் இருந்தது அந்த ஒரு தடவைதான். சுத்தியலை ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். மேல்கோட்டை மாமிக்கு இன்னும் இரண்டு தடவை பாக்கி இருந்தது. ஐஸ் இல்லாமல் ஏறியது. முடி போயிற்று. அதற்கு நானும் ஒரு காரணம். நேரத்தில் திறக்காத என் வாய்.

விழா அன்று மல்லிகைத் தட்டு அப்படியே இருந்தது. மாதம்மாள் பூவை எடுத்தாள். தன் தலையைத் தடவினாள். என்னைத் திருப்பி நிறுத்தி என் கொண்டையில் வைத்தாள்.

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் இருக்குதுங்களே" என்றாள்.

வார்டில் ஆயாக்கள் பூ வைக்கக் கூடாது என்பது ஹெட் சிஸ்டர் போட்ட சட்டம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் பரிசோதனைக்கு வருவாள். மறு வருஷம் முடி தோள் வரை வந்திருந்தது. சுருண்டிருந்தது. தொட்டுக் காட்டி, "இது எம்படதுங்க்கா" என்றாள். கொஞ்ச வருஷம் வந்துகொண்டிருந்தாள். அப்புறம் சேலம் பக்கம் மகனோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இயந்திரம் திறந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். இப்போதைய டாக்டர் சின்ன வயசு. "இந்த ஆஸ்பத்திரியில் முதன்முதலாக" என்று ஆரம்பித்தார். ஆனால் சவிதா என்னை மேடைக்கு இழுத்துப் போனாள். ஐஸ் ஆயா, எங்களுக்கெல்லாம் முன்னோடி, தியாகி என்று ஏதேதோ சொன்னாள். போட்டோவுக்காக இயந்திரத்தின் குல்லாயை என் தலையில் மாட்டி மிஷினை ஓடவிட்டார்கள். மீன் வாடை இல்லை. அழகான குல்லாய். அத்தனை வருஷம் அடுத்தவர் தலையில் வைத்திருக்கிறேன். என் தலையில் ஐஸ் வைத்தது அன்றுதான். இரண்டு விதமாகவும் வைத்தார்கள்.

நெற்றியில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கழற்றச் சொல்லிவிட்டேன்.

மாதேஸ்வரன் மலைக்கு நானும் மார்கழியில் போயிருக்கிறேன். மாதம்மாள் சொன்ன அந்த மலைக் குளிர் இதில் கால்வாசி இல்லை.